கொடிவழியில் எழுதப்படாத ஆண்டுகள்

அமெரிக்காவிலே குடும்ப வரலாறு எழுதுவது ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டிற் பென்சில்வேனியாவிலும் நியூயோர்க்கிலும் குடியேறிய ஜேர்மானியரின் வழித்தோன்றல்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய நூல்களை எழுதியும் அச்சிட்டும் வந்துள்ளனர். எழுதியோர் வெவ்வேறானவர், எனினும் நூல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலக் காணப்படுகின்றன. முதலாம் அதிகாரத்திலே மூதாதை ஒருவர் ரொட்டர்டாமிலிருந்து வந்த கப்பலொன்றில் பிலடெல்பியாத் துறைமுகத்தை அடைகிறார். கப்பலின் பெயரும் இறங்கிய நாளும் ஐயத்துக்கிடமின்றித் தரப்படுகின்றன. இரண்டாம் அதிகாரத்தில் அவருக்கு நிலம் இருக்கிறது. கல்லாற் கட்டிய வீடு இருக்கிறது. மனைவியும் மக்களும் சூழ இருக்கின்றனர். இவ்விரு அதிகாரங்களுக்குமிடையே ஐந்தோ ஏழோ ஆண்டுகள் கழிந்திருக்கும். கடின உழைப்பாலும் சிக்கனத்தாலும் அவர் முன்னேறினார் என்ற ஒரே வாக்கியத்தால் அந்த ஆண்டுகள் மூடப்படுகின்றன. நாம் இக்கட்டுரையில் விசாரணைக்கு எடுத்துக்கொள்வது அந்த வாக்கியத்தையே. உழைத்தார் என்கிறார்கள், யாருக்காக உழைத்தார், அவ்வுழைப்பை என்ன விலைக்கு யார் வாங்கினார் என்பதைச் சொல்வதில்லை.

இந்நூல்கள் யாவற்றுக்கும் அடிப்படை ஒரு பெயர்ப்பட்டியலே. இஸ்ரேல் டானியல் ரப் என்பார் 1856இல் பென்சில்வேனியாவுக்கு வந்த முப்பதாயிரம் பேரின் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார். பிழைகள் மலிந்ததாயினும் அக்காலத்துக்கு அது பெருமுயற்சி. பின்னர் 1934இல் ஸ்ட்ராஸ்பேர்கர், ஹிங்கே என்னும் இருவர் மூலப் பட்டியல்களை மீண்டும் ஒப்புநோக்கி மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தனர். அவற்றுள் ஒன்று முழுவதும் குடியேறிகளின் கையொப்பங்களின் நிழற்படிகள். தன் முன்னோன் ஒருவன் நடுங்கும் கையால் இட்ட ஒப்பத்தைக் காண்பவனுக்கு உண்டாகும் நெகிழ்ச்சியை நாம் ஏளனஞ் செய்யவில்லை. ஆனால் அப்பட்டியல் எதற்காகத் தோன்றியது என்ற கேள்வியைக் குடும்ப வரலாற்றாசிரியர் எழுப்புவதேயில்லை. 1727இல் பென்சில்வேனியாவின் ஆளுநராயிருந்த பற்றிக் கோர்டனும் அவரது சபையும், அந்நியர் கூட்டங்கூட்டமாக வந்திறங்குவது கண்டு அஞ்சினர். பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆடவர் யாவரும் பிரித்தானிய மன்னனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டுமென விதித்தனர். அன்றுமுதல் எழுந்தவையே இப்பட்டியல்கள். சந்தேகத்திற் பிறந்த ஒரு காவல் ஆவணம் இன்று குடும்பப் பெருமையின் முதற்பத்திரமாகப் படிக்கப்படுகிறது.

அதிலே மனைவியர் இல்லை. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இல்லை. சிற்சில கப்பல்களின் தலைவர்கள் கொடுத்த பட்டியல்களில் மாத்திரம் அவர்கள் தலைகாட்டுகின்றனர். எழுதத் தெரியாதவர் ஒரு குறியை இட, ஆங்கில எழுதுவினைஞர் தம் காதில் விழுந்தவாறு பெயரைப் பதிந்தார். மியூல்லர் மில்லரானதும், சிம்மர்மான் என்னும் தச்சன் அதே பொருள்கொண்ட கார்ப்பென்ரர் ஆனதும் காலப்போக்கில் நிகழ்ந்தவை. பெயர்கள் எவ்வாறு திரிந்தன என்று ஆராயக் குடும்ப வரலாற்றாசிரியர்கள் பக்கம்பக்கமாகச் செலவிட்டுள்ளனர். அப்பெயருக்குரியவனின் கப்பற்கூலியை யார் செலுத்தினார் என்பதற்கு அதிற் பத்திலொரு பங்கு உழைப்பும் செலவிடப்படவில்லை.

இவ்விடத்திலே கொற்லிப் மிற்றெல்பேர்கரின் நூலை எடுத்து நோக்குதல் அவசியமாகிறது. வூர்ட்டெம்பேர்க் நாட்டைச் சேர்ந்த இவர் 1750 மே மாதத்தில், பிலடெல்பியாவுக்கென ஹைல்புறோனிற் செய்யப்பட்ட ஓர் ஓர்கன் வாத்தியத்துடன் புறப்பட்டார். அவ்வாண்டு ஒக்டோபர் 10இற் பிலடெல்பியாவை அடைந்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஒரு நாட்டுப்புறத் திருச்சபையில் வாத்தியக்காரராகவும் பாடசாலை ஆசிரியராகவும் பணியாற்றி, 1754இல் ஊர் திரும்பினார். அவரது பயண நூல் 1756இல் வெளிவந்தது. குடும்ப வரலாறுகள் ஒரே வாக்கியத்தில் மறைத்துவிடும் ஆண்டுகளை இவ்வாசிரியர் விரித்துக் காட்டுகிறார். தாம் வந்த கப்பலில் முப்பத்திரண்டு குழந்தைகள் இறந்து கடலில் எறியப்பட்டதாக அவர் கூறுகிறார். கப்பல் துறைமுகத்தில் நின்றதும் மேல்தளத்திலேயே சந்தை கூடுகிறது. கூலி செலுத்தியவர்கள் இறங்கிப் போகலாம். செலுத்தாதவர்களை விலைக்கு வாங்க ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் முன்பே குடியேறி வசதி பெற்ற ஜேர்மானியரும் நகரிலிருந்தும் தூர ஊர்களிலிருந்தும் வருகின்றனர். உடல்நலமுள்ளோரைப் பொறுக்கி எடுக்கின்றனர். நோயாளர் வாங்குவாரின்றிக் கப்பலிலேயே கிடந்து சாகின்றனர்.

மிற்றெல்பேர்கர் தரும் விவரங்கள் ஒரு கணக்குப் புத்தகத்தின் துல்லியமுடையவை. வளர்ந்தவர் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை ஊழியஞ் செய்ய ஒப்பந்தமெழுத வேண்டும். பத்து முதற் பதினைந்து வயதுள்ள பிள்ளைகள் இருபத்தொரு வயது வரை உழைக்கவேண்டும். பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை விற்று அதனால் தம் கடனைத் தீர்த்துக் கரையேறினர். கடலிற் பாதித் தூரத்துக்கு மேல் வந்தபின் கணவன் இறந்தானாயின் மனைவி இருவர் கூலிக்கும் பொறுப்பாவாள்; பெற்றோர் இருவரும் இறப்பின் அவர்கள் கடனும் பிள்ளைகளின் தலையில் விழும். மரணங்கூடக் கடனைக் குறைக்கவில்லை. இவ்வாறு வந்தோரை ரிடெம்ப்ஷனர் என்றனர். ஆங்கிலேய ஒப்பந்த ஊழியன் புறப்படுமுன்பே எத்தனை ஆண்டு என்று கையெழுத்திட்டு வந்தான். ஜேர்மானியனோ கரையையடைந்த பின்னரே, உடலெல்லாம் சோர்ந்து பேரம்பேச வலுவிழந்த நிலையில், தன் காலத்தை விலைபேசினான்.

இக்கடன் எங்கே உண்டாயிற்று? நூலின் மிகச் சிறந்த பகுதி இதற்கு விடை தருகிறது. வாசிப்போர் பலரும் கப்பற்காட்சிகளின் கொடுமையில் ஈடுபட்டு இதனைக் கவனியாது விடுகின்றனர். ஹைல்புறோனிலிருந்து ஒல்லாந்து வரையும் றைன் நதிவழியில் முப்பத்தாறு ஆயத்துறைகள் இருந்தன என்கிறார் அவர். ஒவ்வொன்றிலும் அந்தந்தச் சுங்க அதிகாரிகளின் வசதிப்படி படகு நிற்கவேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்கள் நதியிலும், மேலும் ஐந்தாறு வாரங்கள் ஒல்லாந்திலும் கழிந்தன. வீட்டையும் காணியையும் விற்றுக்கொண்டு வந்த பணம் கடலைக் காணுமுன்பே உண்டிக்கும் சுங்கத்துக்குமாகக் கரைந்துவிடும். நிலப்பிரபுக்களாற் துண்டாடப்பட்டிருந்த ஒரு நாட்டின் சுங்கச்சாவடிகள் குடியானவனின் சேமிப்பை உறிஞ்சின. வெறுங்கையோடு நின்ற அவனை ரொட்டர்டாம் வணிகரின் முதல் கடனாளியாக்கிக் கப்பலேற்றியது. பழைய சுரண்டலும் புதிய சுரண்டலும் ஒரே நதியின் இரு முனைகளிற் கைகோத்து நின்றதை மார்க்சியம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே இந்தப் பாடசாலை ஆசிரியர் தம்மையறியாது எழுதிவைத்துள்ளார்.

தம்மையறியாது என்பதை நாம் அழுத்திக் கூறவேண்டும். மிற்றெல்பேர்கரின் கோபம் பெரும்பாலும் ஆள்கட்டிகளின் மேலேயே பாய்கிறது. முன்பு அமெரிக்கா சென்று திரும்பி, பட்டாடையும் கடிகாரமுமாக ஊரூராய்த் திரிந்து ஆசைகாட்டிய தரகர்கள் அவர்கள். தலைக்கு இவ்வளவென வணிகரிடம் பணம் பெற்றவர்கள். அவர்கள் பொய்யர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொய்யை நம்பி ஒருவன் பிறந்த மண்ணை விடுவதற்கு அம்மண்ணில் அவன் நிலை என்ன என்று கேட்கவேண்டுமன்றோ? தந்தையின் நிலம் பிள்ளைகளுக்குள் மீண்டும் மீண்டும் பங்கிடப்பட்டுச் சிறுதுண்டுகளானமை, தசமபாகம், பிரபுக்களின் வேட்டை விலங்குகள் பயிரை அழித்தமை, போருக்கு மேற் போர் ஆகியன குறித்து அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. குடியானவரை ஊரிலேயே நிறுத்துவது அவரது நோக்கம். அது வூர்ட்டெம்பேர்க் ஆட்சியாளரின் நோக்கமுமாகும். அதே நூலிற் பென்சில்வேனியாவில் இறைச்சி மலிவென்றும் வரி குறைவென்றும் அவர் வியந்தெழுதும் பக்கங்கள், அவரது எச்சரிக்கையையே உள்ளிருந்து மறுத்துரைக்கின்றன. இம்முரண்பாடே நூலின் உயிர் எனலாம்.

கடலில் நேர்ந்தவை அளவுகடந்து சொல்லப்பட்டனவோ என்று ஐயுறுவோர் அக்காலச் சட்டத்தைப் பார்க்கலாம். பென்சில்வேனியா 1750இல் இயற்றிய சட்டம், முழுக்கூலிப் பிரயாணி ஒருவருக்கு ஆறடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட இடம் வேண்டுமென்றது. உயரம் எவ்வளவு என்று அதிற் கூறப்படவில்லை. 1764 டிசெம்பரிற் பிலடெல்பியாவின் ஜேர்மானியர் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்துக் குரலெழுப்பிய பின்னரே, 1765ஆம் ஆண்டுச் சட்டத்தில் உயரமும் சேர்ந்தது. ஒரு மனிதன் படுத்தால் எவ்வளவு, எழுந்திருந்தால் எவ்வளவு என்று அளந்து சட்டம் செய்யும் நிலைக்கு அவ்வணிகம் வந்திருந்தது. மரியான் வோக்கெக் 1999இல் எழுதிய ஆய்வு நூல் இக்குடியேற்றத்தை வணிகமென்றே பெயரிட்டு ஆராய்வது மிகப் பொருத்தமானது.

இதே நதியும் இதே ஒல்லாந்தத் துறைகளும் எமது நாட்டின் வரலாற்றையும் தொட்டுச் செல்கின்றன என்பதை இங்கு ஒரு வார்த்தை கூறிச் செல்லலாம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் போர்வீரரில் ஜேர்மானியர் ஏராளமாயிருந்தனர். அம்ஸ்ரர்டாமிற் சோறும் உறையுளும் கடனாகக் கொடுத்து, அவர்களின் எதிர்காலச் சம்பளத்தைச் சீட்டாக எழுதி வாங்கி விற்றோர்க்கு 'ஆன்ம வியாபாரிகள்' என்றே பெயர் வழங்கிற்று. அவ்வாறு வந்தோருட் சிலர் இலங்கையிற் தங்கிப் பறங்கியர் குடும்பங்களின் மூதாதையராயினர். இலங்கை ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகை 1908 முதல் வெளியிட்ட கொடிவழிகளைப் புரட்டினால், இன்ன ஆண்டில் இன்ன கப்பலில் வந்தார் என்ற அதே வாய்பாடு கண்ணிற் படும். ஒருவர் பிலடெல்பியாவுக்கும் மற்றவர் காலித் துறைக்கும் போய்ச் சேர்ந்தது கடன்காரன் எவன் என்பதைப் பொறுத்ததாகவும் இருந்திருக்கலாம்.

இத்தனையும் கூறியபின் ஓர் எச்சரிக்கை. ஜேர்மானியர் விற்கப்பட்டனர் என்பதை எடுத்துக்கொண்டு, வெள்ளையரும் அடிமைகளாகவே இருந்தனர், ஆகவே ஆபிரிக்கரின் துயரம் தனிப்பட்டதன்று என வாதிடுவோர் இன்று உளர். இது வரலாற்றுப் புரட்டு. ரிடெம்ப்ஷனரின் ஒப்பந்தத்துக்கு முடிவுநாள் இருந்தது. அவன் நீதிமன்றத்தில் முறையிடலாம். அவன் நிலை பிறப்பால் அவன் பிள்ளையைத் தொடரவில்லை. ஆபிரிக்கத் தாயின் வயிற்றிற் பிறந்த குழந்தையோ பிறக்கும்போதே மற்றொருவனின் சொத்து. ஒப்பந்தம் முடிந்த வெள்ளையன் வசதி வந்ததும் தானே ஆள் வாங்கினான். ஜேர்மன்ரவுணில் 1688இல் நால்வர் அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதிய மனுவைக் குடும்ப வரலாறுகள் பெருமையோடு நினைவுகூர்கின்றன. அம்மனு ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த பெரிய கூட்டத்துக்கு அனுப்பப்பட்டு, இறுதியில் ஒதுக்கிவைக்கப்பட்டது என்பதை அதே பெருமையோடு அவை எழுதுவதில்லை.

இரண்டாம் அதிகாரத்து நிலமும் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1709இற் போரினாலும் கொடும் பனிக்காலத்தாலும் நொந்த ஆயிரக்கணக்கான 'பலற்றைன்'கள் லண்டனை வந்தடைந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேரை ஆங்கில அரசு 1710இல் நியூயோர்க்குக்கு அனுப்பிற்று. ஹட்சன் நதிக்கரையிற் கடற்படைக்கு வேண்டிய தாரும் கீலும் வடித்து அவர்கள் தம் கப்பற்கூலியைத் தீர்க்கவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கான நிலத்தை அரசுக்கு விற்றவரும், குடியேறிகளுக்கு ரொட்டியும் பியரும் வழங்கும் ஒப்பந்தத்தைப் பெற்றவரும் றொபேட் லிவிங்ஸ்ரன் என்னும் ஒரே பெருநிலக்காரர்! தார் வடியவில்லை. 1712இல் ஆளுநர் ஹன்ரர் உணவு வழங்கலை நிறுத்தினார். பட்டினி கிடந்தோர் ஸ்கோகாரிப் பள்ளத்தாக்கிற் குடியேறினர்; அங்கும் நிலவுரிமைப் பத்திரத்தோடு பெருநிலக்காரர் வந்தனர். 1723இற் பல குடும்பங்கள் பென்சில்வேனியாவின் துல்பெஹொக்கனுக்குப் பெயர்ந்தன. அந்த மண் லெனாப்பே மக்களுடையது. தாம் விற்காத நிலத்தில் அந்நியர் குடியேறியுள்ளனர் என்று அவர்களின் தலைவர் சசூனான் 1728இற் பிலடெல்பியாவில் முறையிட்டார். கிரயப் பத்திரம் எழுதப்பட்டது 1732இலேயே. துரத்தப்பட்டோர் தம்மிலும் வலியற்றோரின் நிலத்திற் காலூன்றினர். குடும்ப நூல்கள் இக்குடியேற்றத்தை வீரகாவியமாக்குகின்றன. சசூனான் அதில் ஒரு பாத்திரமாகவும் வருவதில்லை.

குடும்ப வரலாறே பயனற்றது என்று நாம் கருதுவதாக எவரும் எண்ணவேண்டாம். ஹாங்க் ஜோன்ஸ் என்பார் 1710இல் நியூயோர்க் வந்த 847 குடும்பங்களை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட இரு தொகுதிகள் இத்துறையின் போக்கையே மாற்றின. அவர் பேராசிரியரல்லர், தொழிலால் நடிகர். தனியொரு மூதாதையின் பெயரை ஜேர்மனி முழுவதும் தேடுவது வீண் என்பதை அவர் கண்டார். அமெரிக்காவில் அவன் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராய் நின்றவர் யார், உணவுப் பட்டியலில் அவனுக்கு முன்னும் பின்னும் நின்ற பெயர்கள் எவை என்று பார்த்து, அவ்வயலவர் வந்த கிராமங்களின் திருச்சபைப் பதிவேடுகளைத் துருவினார். அங்கே அவனும் அகப்பட்டான். மனிதன் தனியே புறப்படவில்லை. உறவும் அயலுமாகப் புறப்பட்டான். தந்தையிலிருந்து மகனுக்கு நேர்கோடாக இறங்கிய கொடிவழி, இவ்வாறு ஓர் ஊரின் வரலாறாக அகலித்தது. பண்ணையடிமை நிலையிலிருந்து விடுபடக் கட்டணஞ் செலுத்தியோரின் பட்டியலிலும், அதைச் செலுத்தாது இரவோடிரவாக ஓடிப்போனவர்களின் சொத்தைப் பறித்த பதிவுகளிலும் முன்னோரைத் தேடும் பழக்கம் இன்று வந்துள்ளது. ஓடிப்போனவன் பேரன் என்பதில் வெட்கம் என்ன? பிலிப் ஒற்றர்னெஸ் 2004இல் எழுதிய நூல் மேலும் ஒரு படி சென்று, இவர்கள் ஜேர்மானியராக வரவில்லை, வந்தபின்னரே ஜேர்மானியராயினர் என நிறுவுகிறது. பல சிற்றரசுகளின் குடிகளை 'பலற்றைன்' என்ற ஒரே பெயரால் அழைத்தவர்கள் ஆங்கில அதிகாரிகள். அப்பெயரைத் தம் உரிமைக்குரலாக மாற்றிக்கொண்டவர்கள் குடியேறிகள்.

இவ்வளவு கருவிகள் கையிலிருக்க, மிகப் புகழ்பெற்ற குடும்பமொன்று எவ்வாறு எழுதப்பட்டு வருகிறது என்பதைப் பார்ப்போம். ஜோன் பீற்றர் செங்கரை அமெரிக்கப் பாடசாலை மாணவர் பத்திரிகைச் சுதந்திரத்தின் தந்தையாக அறிவர். 1733 நவம்பரில் அவர் தொடங்கிய வாரப் பத்திரிகை ஆளுநர் கொஸ்பியைத் தாக்கியது. 1734 நவம்பரிற் சிறைசென்ற அவரை 1735 ஓகஸ்ட் 4இல் ஜூரிமார் குற்றவாளியல்லரென விடுவித்தனர். அப்பத்திரிகையின் பின்னின்றவர்கள் ஆளுநரோடு பகைத்த பெருநிலக்காரரும் வழக்கறிஞருமே என்பதை ஆய்வாளர் மறுப்பதில்லை. நமக்கு வேண்டியது அதற்கு முந்திய செங்கர். 1710இற் தந்தையை இழந்து விதவைத் தாயோடு வந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் அவர். ஆளுநர் ஹன்ரரின் ஆணைப்படி வில்லியம் பிராட்போர்ட்டின் அச்சகத்தில் எட்டாண்டுகளுக்குக் கட்டுப்படுத்தப்பட்டார். தொழில் பயில வாய்ப்புக் கிட்டியது என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதுகின்றன. அவருக்குக் கிட்டியது உண்மைதான். ஆனால் அவ்வாணை ஒரு சிறுவனுக்கு வழங்கிய வாய்ப்பன்று. அரசின் உணவுச் செலவைக் குறைப்பதற்காகப் பலற்றைன் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்துப் பகிர்ந்தளித்த நடவடிக்கை. பெற்றோருள்ள பிள்ளைகளும் தப்பவில்லை. பிற்காலத்திற் பெயர்பெற்ற மொழிபெயர்ப்பாளரான கொன்றாட் வைசரின் தம்பியர் இருவர், தந்தை நோயுற்றிருந்த வேளையில் லோங் ஐலண்டுக்குக் கொடுக்கப்பட்டனர்.

செங்கர் சிறையிலிருந்த எட்டு மாதங்களுக்கு மேலாகப் பத்திரிகையை வெளிக்கொணர்ந்தவர் அவர் மனைவி அன்னா கதரீனா. சிறைக்கதவின் துவாரத்தினூடாக அவருக்கும் ஊழியருக்கும் தாம் சொல்லியனுப்புவதாகச் செங்கரே பத்திரிகையில் அறிவித்தார். அவ்வூழியர் யார், எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற வினா செங்கரைப் போற்றும் நூல்களிற் தலைதூக்குவதில்லை. 1746இற் கணவர் இறந்தபின் 1748 வரை அன்னா கதரீனாவே அச்சகத்தை நடத்தினார். அப்போதுதான் பத்திரிகையின் முகப்பில் விதவை செங்கரின் பெயர் ஏறிற்று.

ஹன்ரர் பகிர்ந்தளித்த பிள்ளைகளின் பட்டியல், நியூயோர்க் மாநிலத்தின் ஆவண வரலாற்றுத் தொகுப்பில் 1850 அளவிலேயே அச்சேறிவிட்டது. பிள்ளையின் பெயர், வயது, பெற்றோர், வாங்கிய எசமான், எசமானின் ஊர் என அது நிரல்களாகச் செல்கிறது. செங்கரின் பெயருக்கு நேரே, ஹன்னா, விதவை என்றிருக்கிறது. அவரைப் பற்றி எழுதுவோர் அத்தாயை இரண்டொரு வரியிற் கடந்துவிடுகின்றனர். அதே பட்டியலில் மற்றைய பிள்ளைகள் பலர் உளர். பத்து வயதை எட்டாதவர்களும் அவர்களுள் அடங்குவர். பெற்றோர் நிரலில் பலருக்கு நேரே அநாதை என்று மாத்திரம் குறித்திருக்கிறது.